குதிரைப்படையில் என் தம்பி

என் தம்பி கனடா இராணுவத்தில் இருந்தான் என்பது அவன் சாகும்வரை எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவன் அல்பேர்ட்டாவில் எண்ணெய்க் கம்பனி ஒன்றில் வேலை செய்வதாக அம்மா எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். கோயிலில் அன்ரிமார் "எஞ்சினியரோ?" என்று கேட்பார்கள். அம்மா ஓம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அர்ச்சனைத் தட்டில் வெற்றிலையைச் சரிசெய்வார். அப்படியே அவன் எஞ்சினியர் ஆகிவிட்டான். எஞ்சினியருக்குச் சாதகங்களும் வரத் தொடங்கின. யூனியன்வில்லில் பெரிய வீட்டுக்காரர் ஒருவரே பெண் கொடுக்க ஆள் அனுப்பினார்.

அம்மா பொய் சொல்லுகிற ஆள் அல்ல. ஆனால் ஆமி என்ற சொல்லைத் தன் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வைக்க அவரால் முடியவில்லை. அதற்குக் காரணம் என் அண்ணா.

ஊரில் அண்ணாவை இலங்கை ஆமி கூட்டிக்கொண்டு போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு மூன்று. அப்பா அதற்கு முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். அன்று காலையில் ஊரைச் சுற்றிவளைத்திருந்தார்கள். அண்ணா புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவ விட்டார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவ்வளவுதான். அம்மா முகாம் முகாமாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். பிறகு அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எங்களை ஸ்காபரோவுக்கு எடுப்பித்தார். அண்ணா திரும்பி வந்தால் வீடு பூட்டியிருக்குமே என்று அம்மா விமானம் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் திறப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

மல்வேர்னில் எங்கள் ரவுன்ஹவுஸின் ஹோலில் இரண்டு படங்கள் தொங்கின. அப்பாவின் படத்துக்கு மாலை உண்டு, மின்விளக்கு உண்டு. அண்ணாவின் படத்துக்கு ஒன்றும் இல்லை. மாலை போட்டால் அவர் செத்தவர் என்று ஆகிவிடும். ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் அம்மா அண்ணாவுக்கு ஒரு சேர்ட் வாங்குவார். அளவு அம்மாவின் ஊகம். முதலில் மீடியம் வாங்கினார், பிறகு லார்ஜ். அண்ணாவுக்கு நாற்பது வயது ஆகியிருக்க வேண்டிய வருசத்தில் எக்ஸ்ட்ரா லார்ஜுக்கு மாறினார். "அப்பான்ர உடம்புவாகு, வயிறு வைச்சிருக்கும்" என்றார். நான் சிரித்தேன், அம்மாவும் சிரித்தார். எங்கள் வீட்டில் அண்ணாவைப் பற்றி அப்படித்தான் பேசுவோம், பக்கத்து நகரத்தில் இருக்கிற ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல.

தம்பிக்கு அண்ணாவின் முகம் நினைவில்லை. ஆறு வயதில் இங்கே வந்தவன். ஸ்காபரோப் பள்ளிக்கூடம், பனி, கூடைப்பந்து என்று வளர்ந்தான். பத்தொன்பது வயதில் ஒருநாள் பின்னேரம் வந்து, இராணுவத்தில் சேர்ந்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னான். ஏன் என்று கேட்டேன். படிப்புக்குக் காசு தருவார்கள் என்றான். இன்னொரு நாள் கேட்டபோது, மல்வேர்ன் அலுத்துப் போச்சு என்றான். மற்றொரு நாள், "ஐ டோன்ட் நோ அக்கா, குதிரை இருக்கெண்டாங்கள்" என்றான். இதில் எது உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எல்லாமே உண்மையாக இருக்கலாம்.

குதிரைப்படை என்றவுடன் நீங்கள் நினைக்கிற குதிரை இல்லை. பெயர்தான் குதிரைப்படை, உள்ளே இருப்பது கவச வாகனங்கள். நூறு வருசத்துக்கு முந்திய பெயரை விட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள், ஊரில் மாடே இல்லாத வளவை மாட்டுக்கொட்டில் வளவு என்று சொல்வதுபோல. ஆனால் விழாக்களுக்கென்று கொஞ்சக் குதிரைகளும் வைத்திருக்கிறார்கள். விரும்புகிற சிப்பாய்கள் ஏறிப் பழகலாம். தம்பி விரும்பினான். கோயிலில் மரக் குதிரை வாகனத்தைத் தவிர வேறு குதிரையை அறியாத பரம்பரையில் வந்தவன், முதல் மாதமே விழுந்து தோள்மூட்டு விலகிக் கிடந்தான். அம்மாவிடம் நானும் அவருடைய கதையிலேயே நின்று, எண்ணெய்க் கம்பனியில் படியில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றேன்.

அவன் குதிரையில் வந்ததை ஒரே ஒரு தடவை பார்த்தேன். அல்பேர்ட்டாவில் ஒரு கோடைக் கண்காட்சிக்கு, அம்மாவிடம் வேறு காரணம் சொல்லிவிட்டுப் போனேன். சிவப்புக் கோட்டும் பித்தளைத் தொப்பியும் போட்டு, கையில் ஈட்டி பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கை தட்டினார்கள். முடிந்த பிறகு லாயத்துக்குப் போனேன்.

"வேட்டைத் திருவிழாவுக்குச் சாமி வாற மாதிரி வாறாய்" என்றேன்.

"அக்கா, சத்தம் போடாதைங்கோ. உவளுக்குக் கோபம் வந்தாக் கடிப்பாள்" என்றான். உவள் என்பது அவனுடைய குதிரை, கபில நிறப் பெண் குதிரை. அவனை ஏற்கனவே கடித்திருந்தாள். சேர்ட்டை விலக்கித் தோளில் தழும்பைக் காட்டினான். "ஷீ ஹேட்ஸ் மீ. ஆனா வேலை செய்வாள்."

அவனில் சாணி மணமும் வியர்வை மணமும் வந்தன. சந்தோசமாக இருந்தான். அதை எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் பிறகு செத்த வீட்டில் எல்லோரும் அவன் கஷ்டப்பட்டான் என்று சொல்லி அழுதார்கள். அவன் கஷ்டப்படவில்லை.

டிசம்பரில் விடுமுறைக்கு வருவான். பூட்ஸும் பையும் என் காரின் டிக்கியில் இருக்கும், அவன் ஜீன்ஸோடு வீட்டுக்குள் வருவான். அம்மா கேட்க மாட்டார், அவன் சொல்ல மாட்டான். ஒருமுறை இராணுவப் பச்சை நிறக் கால்மேஸ் ஒன்று உடுப்புக் கூடைக்குள் வந்துவிட்டது. அம்மா அதைக் கையால் தொடவில்லை. விளக்குமாற்றுத் தடியால் தூக்கி மெசினுக்குள் போட்டார். தோய்ந்து காய்ந்த பிறகு அதே தடியால் தூக்கி அவனுடைய கட்டிலில் வைத்தார். அவன் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான், கீழே சிரிப்புப் பொம்மையோடு.

கடைசியாக அவனை அனுப்பியது ஐரோப்பாவின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்ன நாட்டுக்கு. எல்லைக் காவல். போனில் கேட்டேன், என்ன செய்கிறாய் என்று.

"ஒண்டுமில்லை அக்கா. பைன் மரம், சேறு, பிறகும் பைன் மரம். அங்கால அவங்கள் நிக்கிறாங்கள். அவங்களுக்கும் பைன் மரம்தான்."

"எல்லையைக் காக்கிறியோ?"

"காக்கிற மாதிரி நிக்கிறம்."

ஜனவரியில் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை யார்ட்டில் விட்டு, காரில் வந்து திரும்புகிறேன், எங்கள் வாசலில் சீருடையோடு இரண்டு பேர். ஒருவர் பெண் அதிகாரி, மற்றவர் இராணுவப் பாதிரியார். கதவு சங்கிலி போட்டபடி ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே அம்மாவின் முகத்தில் பாதி தெரிந்தது. அம்மா அவர்களோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். முகாம் வாசல்களில் பழகிய அரைகுறைச் சிங்களம், அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் பேசாதது. வீட்டில் ஆம்பிளைப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை மாத்தையா, நானும் மகளும் மட்டும்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அதிகாரி அதைத் தமிழ் என்று நினைத்துத் தலையைக் குனிந்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

நான்தான் அம்மாவை விலக்கிக் கதவைத் திறந்தேன். உட்காரச் சொன்னேன். அவர்கள் சொன்னார்கள். காட்டுப் பாதையில் உறைபனி படிந்திருந்தது, கவச வாகனம் சறுக்கிப் பள்ளத்தில் புரண்டது, தம்பி அதன் மேல்வாயிலில் பாதி உடம்பு வெளியே தெரிய நின்றான். சண்டை இல்லை, எதிரி இல்லை. நான் தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியில் ஓட்டுகிறவள். சறுக்கத் தொடங்கும்போது சில்லுக்கும் வீதிக்கும் தொடர்பு விட்டுப்போவதைக் கால் முதலில் அறியும். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர்கள் விளக்கிக்கொண்டிருந்தார்கள், எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் அழவில்லை. தேத்தண்ணீர் போட்டேன். பஸ் கம்பனி டிஸ்பாச்சுக்குப் போன் அடித்து, பின்னேரம் வரமுடியாது என்றேன். சுகமில்லையா என்று கேட்டார்கள். இல்லை, தம்பி செத்துப் போனான் என்றேன். பிறகு மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன், எதற்கென்று தெரியாது. உடம்பு முழுவதும் பல் பிடுங்க மருந்தடித்த தாடை மாதிரி இருந்தது.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "உடம்பு இருக்கோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். இருக்கிறது, ஒரு கிழமைக்குள் கொண்டுவந்து விடுவோம் என்றார் அதிகாரி. அம்மா நம்பவில்லை. மெய்யாவோ என்று இன்னொரு தடவை கேட்கச் சொன்னார்.

மாமா ஓடி வந்தார். மரண அறிவித்தல் கொடுக்க வேண்டும். "எண்ணெய்க் கம்பனி எண்டே போடுவமோ?" என்று தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார். இராணுவ வீரன் என்று போடுங்கள் என்றேன். அறிவித்தல் வந்த பிறகு போன் ஓயவில்லை. பாதிப் பேர் துக்கம் கேட்டார்கள், பாதிப் பேர் புதினம் கேட்டார்கள். "எங்கட பிள்ளையோ? ஆமியிலயோ?" என்றார் ஓர் அங்கிள், எண்ணெய்க் கம்பனியை நம்பி மூன்று வருசம் எங்கள் வீட்டுக்கு மாம்பழப் பெட்டி கொண்டுவந்தவர்.

சிக்கல் ஐயரிடமிருந்து வந்தது. ஐயர் போனில் கிரியை ஒழுங்கைப் பற்றிக் கேட்டார். "தகப்பன் இல்லை. பொடியன் கலியாணம் கட்டேல்லை. அப்ப தமையன்தான் செய்யவேணும். தமையன் இருக்கிறாரோ?"

அந்தக் கேள்வி ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது. மாமா தொண்டையைச் செருமினார். "நான் செய்யிறன் அக்கா. தாய்மாமன் செய்யலாம்."

"மூத்தவன் இருக்கேக்க வேற ஆள் கொள்ளி வைக்கிறதோ?" என்றார் அம்மா. "அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

நான் செய்கிறேன் என்றேன். அதற்கும் அதே பதில். யார் தர்ப்பையைப் போட்டாலும் அண்ணா செத்துவிட்டார் என்று அம்மா ஊரறிய ஒத்துக்கொண்டதாக ஆகும். ஒத்துக்கொள்ளாவிட்டால் தம்பியை எரிக்க முடியாது. மாமா கெஞ்சினார். பெரியம்மா லண்டனில் இருந்து போன் எடுத்து அழுதார். அம்மா அசையவில்லை. "ஐஸில வைக்கலாம்தானே. வைக்கட்டும்" என்றார்.

தம்பியைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு கிழமைக்குள் என்றவர்கள், அதற்கு முன்பே கொண்டுவந்தார்கள். ஃபியூனரல் ஹோமில் வைத்தார்கள். நாட்கள் போயின. ஃபியூனரல் ஹோமில் இருந்து நாள் கேட்டுப் போன் அடித்தார்கள். அதிகாரி அடித்தார், அல்பேர்ட்டாவில் இருந்து அவனுடைய படைப் பெடியன்கள் பறந்து வர வேண்டும், நாள் தெரிந்தால் நல்லது என்று. நான் எல்லோருக்கும் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த நாட்களில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான், அதனால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, அவன் அங்க தனியக் கிடக்கிறான். காத்துக்கொண்டு கிடக்கிறான்."

"அண்ணாவும்தான்" என்றார்.

இருக்கிற பிள்ளை நான். செத்தவனுக்கும் வராதவனுக்கும் நடுவில் எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை இருந்தது. கழுவினேன்.

கடைசியில் மாமா அம்மாவைக் கேளாமலே ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிட்டார். கொள்ளி வைப்பது யார் என்பதை அங்கே போய்ப் பார்ப்போம் என்றார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று இருந்தது எனக்கு. அம்மா வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, எனக்கு முன்பே காரில் ஏறி இருந்தார்.

தம்பியைச் சீருடையில் கிடத்தியிருந்தார்கள். அம்மா அவனை அந்த உடுப்பில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நெற்றியில் திருநீறு பூசினார். சட்டைப் பொத்தான்களைப் பார்த்தார். முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தார். சுவரோரம் தம்பியின் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் சனம் அவர்களுக்கும் தங்களுக்கும் இடையில் இரண்டு வரிசைக் கதிரைகளை வெறுமையாக விட்டு இருந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை, அப்படி அமைந்தது.

தம்பியின் ஆட்களில் ஒருவன் வரிசையை விட்டு வந்து அம்மாவின் முன்னால் முழங்காலில் இருந்தான். பெரிய உடம்பு, சிவந்த முகம், பண்ணை வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். அந்த வாகனத்தில் தானும் இருந்ததாக ஆங்கிலத்தில் சொன்னான். அம்மா அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"கடைசியில ஆர் பக்கத்தில இருந்தது எண்டு கேள்."

தான் இருந்ததாகச் சொன்னான். கையைப் பிடித்திருந்தானாம்.

"கண்ணை மூடினது ஆர்?"

அதுவும் தான்தான் என்றான். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். என் குரல் பஸ்ஸில் தரிப்பு அறிவிக்கிற குரல் மாதிரி இருந்தது.

"பிறகு? தனிய விட்டவங்களோ?"

இல்லை என்றான். அங்கிருந்து இங்கே வரும்வரை ஒரு நிமிடமும் விடவில்லை. விமானத்திலும் ஆள் மாறி ஆள் பக்கத்தில் இருந்தோம். செத்தவனை வீட்டாரிடம் ஒப்படைக்கும்வரை தனியே விடுவதில்லை, அது எங்கள் வழக்கம் என்றான்.

நான் அதைச் சொன்னதும் அம்மா அப்போதுதான் அவனுடைய முகத்தை நேராகப் பார்த்தார். "ஒப்படைக்கிறது வழக்கமோ?" என்று தமிழிலேயே அவனைக் கேட்டார். என்ன விளங்கியதோ, அவன் தலையை ஆட்டினான். பிறகு என் பக்கம் சரிந்து, கறிக்கு உப்புக் காணாது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். "ஒப்படைக்கிற ஆக்களெண்டால் அப்பவே ஒப்படைச்சிருப்பாங்கள் என்ன, பிள்ளை?"

அண்ணாவைக் கொண்டுபோனவர்களைத்தான் சொல்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நான் ஓம் என்றேன்.

ஐயர் கும்பத்தை வைத்து, அரிசியைப் பரப்பி, நேரத்தைப் பார்த்தார். அவருக்கு மத்தியானம் இன்னொரு செத்த வீடு இருந்தது. "ஆர் செய்யிறது?" என்று பொதுவாகக் கேட்டார். மாமா நிலத்தைப் பார்த்தார். எல்லோருக்கும் எங்கள் வீட்டுக் கதை தெரியும்.

அம்மா கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பினார்.

"இவள் செய்யட்டும் ஐயா. தமையன் இல்லை. செத்துப் போனான்."

ஐயர் தலையாட்டினார். "இஞ்ச பொம்பிளைப் பிள்ளையளும் செய்யினம், பிழையில்லை" என்று சொல்லிக்கொண்டு தர்ப்பையை முறுக்கினார். பிறகு, இப்படி இடங்களில் அவர் எல்லோரையும் கேட்பதுபோல, "தமையன் எப்ப தவறினவர் அம்மா?" என்று கேட்டார்.

"கொண்டுபோன அண்டைக்கே" என்றார் அம்மா.

ஐயரின் கை நின்றது. "அவருக்குக் கிரியை ஒண்டும் செய்யேல்லையோ? செய்யவேணுமே. நாள் தெரியாட்டிப் பரவாயில்லை, அமாவாசையில செய்யலாம்."

"தெரியும். ஆவணி மாசம், தேய்பிறை ஏகாதசி. புனர்பூசம்."

யோசித்துச் சொல்லவில்லை. கேட்பார்கள் என்று தெரிந்து, வாயில் வைத்திருந்தவர்போலச் சொன்னார். நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஐயர் என் விரலைப் பிடித்து இழுத்துத் தர்ப்பையை மாட்டினார், நான் தம்பியின் வாயில் அரிசி போட்டேன்.